மகிழுந்துக்குள் காகித வரைபடம்: சுருள் கருவிகளின் வரலாறு

மகிழுந்தில் (கார்) பயணம் செய்பவர் பெரிய காகித வரைபடத்தை மடியில் விரிக்காமல், அந்த நேரத்தில் தேவைப்படும் பகுதியை மட்டும் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட சிறு கருவிகள் வரைபடத் தாங்கிகள் ஆகும். சில வட்டத் தட்டு வடிவில் இருந்தன. சில இரண்டு உருளைகளுக்கு இடையே காகிதச் சுருளை ஓட்டும் பெட்டிகளாக இருந்தன. ஒன்று கைக்கடிகாரத்தைப் போல மணிக்கட்டில் கட்டப்பட்டது. 1909ஆம் ஆண்டு முதல் 1980கள் வரை அமெரிக்கா, பிரித்தானியா, இத்தாலி, ஜப்பான் ஆகிய நாடுகளில் இவை பல உருவங்களில் வெளிவந்தன. பெரும்பாலானவை விற்பனையில் நிலைக்கவில்லை. ஆயினும் இன்று கைபேசித் திரையில் நாம் காணும் வழிகாட்டியின் அடிப்படை எண்ணங்கள் பலவும் இந்தக் கருவிகளில்தான் முதலில் தோன்றின. அவற்றின் வசதியும் குறையும் சேர்ந்தே இன்றைய திரைக்கு வந்துள்ளன.

சிக்கல் எங்கே தொடங்கியது

வரைபடம் என்பது இயல்பாகவே பெரிய பொருள். ஊர்கள், சாலைகள், ஆறுகள், பாலங்கள் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் தாள் அகலமாக இருக்க வேண்டும். மேசையில் விரித்துப் பார்க்கும்போது இதனால் தொல்லை இல்லை. ஓடும் வண்டிக்குள் நிலைமை வேறு. தொடக்கக் கால மகிழுந்துகள் பெரும்பாலும் மேற்கூரையும் பக்கக் கண்ணாடியும் இல்லாதவை. காற்று தாளைப் பிடுங்கியது, மழை நனைத்தது. வண்டியின் அதிர்வில் சிறிய எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. ஓட்டுநரின் இரண்டு கைகளுக்கும் வேறு வேலை இருந்தது.

'வாயிருந்தால் வங்காளம் போகலாம்' என்பது தமிழ்ப் பழமொழி. நடந்தோ மாட்டு வண்டியிலோ போகிறவருக்கு இது பொருந்தும். வழியில் எதிர்ப்படுவோரிடம் நின்று கேட்கலாம். மகிழுந்தோ ஒரே நாளில் பல மாவட்டங்களைக் கடந்தது. தன் ஊரைச் சுற்றிப் பத்து மைல் மட்டுமே அறிந்த ஒருவரிடம் நூறு மைலுக்கு அப்பாலுள்ள ஊருக்கு வழி கேட்டுப் பயனில்லை. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிராமப்புறச் சாலைகளில் பெயர்ப் பலகைகள் அரிது. சாலைகளுக்கு எண்களும் இல்லை. எனவே வழிகாட்டிப் புத்தகங்கள் தோன்றின. 1901ஆம் ஆண்டு முதல் வெளிவந்த 'ஆட்டோமொபைல் புளூ புக்' என்னும் நூல், இத்தனை மைலில் எந்த அடையாளத்தைக் கண்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை வரிசையாகச் சொன்னது. ஆனால் தடித்த புத்தகத்தையும் தூரமானியையும் மாறி மாறிப் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். தனியாக ஓட்டிச் செல்பவர் என்ன செய்வார்? வரைபடத் தாங்கிகள் இந்தக் கேள்விக்கு விடையாகவே பிறந்தன.

சுருள் என்னும் பழைய வழி

பயணிக்கு முழு நாட்டின் படம் தேவையில்லை, அவர் போகும் பாதையின் படம் போதும் என்ற எண்ணம் மகிழுந்தைவிட மிகப் பழையது. உரோமானியப் பேரரசின் சாலைகளைக் காட்டும் 'பாய்டிங்கர் அட்டவணை' என்ற வரைபடம் இதற்குச் சான்று. அதன் இடைக்காலப் படி ஒன்று ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. ஏறத்தாழ 34 செ.மீ. உயரமும் 7 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்ட அது, சுருட்டி வைக்கத்தக்க நீண்ட பட்டை. அதில் நிலத்தின் உண்மையான வடிவம் இல்லை. கடல்கள்கூட ஒடுங்கிய கோடுகளாக நசுங்கியுள்ளன. ஆனால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சாலை உண்டு, இடையில் எவ்வளவு தூரம் என்பது தெளிவாக இருக்கிறது.

இங்கிலாந்தில் ஜான் ஓகில்பி 1675ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிரித்தானியா' என்னும் நூல் இந்த முறையைச் செம்மைப்படுத்தியது. அளவைச் சக்கரத்தைத் தரையில் உருட்டிச் சாலைகளின் நீளம் கணக்கிடப்பட்டது. 7,500 மைல் அளவிலான சாலைகள் 100 தாள்களில், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டன. ஒவ்வொரு தாளிலும் சாலை, அவிழ்த்துவிட்ட சுருளைப் போலக் கீழிருந்து மேலாகப் பல பட்டைகளில் ஏறுகிறது. சாலை வளையும்போது பட்டை வளைவதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பட்டையிலும் வரையப்பட்ட திசைகாட்டி வடக்கு எந்தப் பக்கம் என்பதை மாற்றிக் காட்டுகிறது. அதாவது, பயணி எப்போதும் 'மேல்நோக்கி' போகிறார், உலகம்தான் அவரைச் சுற்றித் திரும்புகிறது. இன்றைய திரைகளில் வண்டி செல்லும் திசை மேல்பக்கமாக இருக்கும்படி படம் சுழல்வது இதே முறைதான்.

ஓகில்பியின் நூல் குதிரைமேல் எடுத்துச் செல்ல முடியாத அளவுக்குக் கனமானது. அரை நூற்றாண்டுக்குள், 1719–1720 ஆண்டுகளில், அதே வரைபடங்களைச் சுருக்கிப் பையில் வைக்கத்தக்க பதிப்புகளாகப் பலர் வெளியிட்டனர். நல்ல வரைபடம் இருந்தால் மட்டும் போதாது, பயணத்தில் கையாளத்தக்க உருவமும் அதற்கு வேண்டும் என்பதை அப்பதிப்புகள் உணர்த்தின.

சக்கரத்தோடு சுழன்ற வரைபடம்

மகிழுந்துக்கென்று செய்யப்பட்ட கருவிகளில் முதன்மையானது 'ஜோன்ஸ் லைவ் மேப்'. 'உயிருள்ள வரைபடம்' என்பது இப்பெயரின் பொருள். நியூயார்க்கைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. ஜோன்ஸ் இதை உருவாக்கினார். மகிழுந்துகளுக்கான வேகமானியையும் அவர் உருவாக்கியிருந்தார். லைவ் மேப் 1909ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது.

கண்ணாடி மூடிய வட்டமான உலோகப் பெட்டி இதன் உடல். அதற்குள் கிராமபோன் இசைத்தட்டைப் போல ஒரு காகிதத் தட்டு பொருத்தப்படும். ஒரு தட்டு ஏறத்தாழ 100 மைல் பயணத்துக்கானது. தட்டின் விளிம்பில் மைல் எண்களும், அந்தந்த மைலில் செய்ய வேண்டியவையும் அச்சிடப்பட்டிருக்கும்: இங்கே வலப்பக்கம் திரும்பு, இங்கே தண்டவாளத்தைக் கட, இங்கே பாலம். வண்டியின் சக்கரத்திலிருந்து வரும் ஒரு வடம், வண்டி ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தட்டைச் சுழற்றும். அசையாமல் நிற்கும் ஒரு முள், வண்டி அப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். தட்டு முடிந்தவுடன் வண்டியை நிறுத்தி அடுத்த தட்டை மாட்ட வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1910இல், 'சாட்விக் ரோடு கைடு' என்ற கருவி வந்தது. இதில் துளைகள் இட்ட தட்டு ஒன்று சுழன்றது. திருப்பம் நெருங்கும்போது உரிய துளை ஓர் அடையாளக் கையை இயக்கியது, கூடவே மணியும் ஒலித்தது. ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே எச்சரிக்கை பெற்றார். இன்று கைபேசி 'இன்னும் 200 மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்' என்று சொல்வதன் மூதாதை இந்த மணியோசையே எனலாம்.

இக்கருவிகளுக்கு அடிப்படையான குறை ஒன்று இருந்தது. அவை வண்டி எங்கே இருக்கிறது என்பதை அறியவில்லை. எவ்வளவு தூரம் ஓடியது என்பதை மட்டுமே அறிந்தன. சேற்றில் சக்கரம் சறுக்கினால் கணக்குப் பிழைத்தது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறைந்து, ஒவ்வொரு மைலிலும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போனது. சாப்பாட்டுக்காகப் பக்கத்துச் சாலையில் ஒரு மைல் விலகிச் சென்றாலும் தட்டு தன்பாட்டுக்குச் சுழன்றது. பயணம் தொடங்கிய இடமும் தட்டு தொடங்கும் இடமும் ஒன்றாக இருந்து, இடையில் எங்கும் விலகாமல் சென்றால் மட்டுமே முள் உண்மையைச் சொன்னது.

மணிக்கட்டிலும் முகப்பிலும்

1920களில் பிரித்தானியாவில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வழிகாட்டி ஒன்று விற்கப்பட்டது. 'பிளஸ் ஃபோர்' என்ற பெயர் கொண்ட அது, தோற்றத்தில் ஒரு பெரிய கைக்கடிகாரம். கடிகார முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிறு சன்னல். அதற்குப் பின்னால் இரண்டு குட்டி உருளைகளில் சுற்றிய காகிதச் சுருள். பயணத்துக்கு ஏற்ற சுருளைத் தேர்ந்து மாட்டி, பக்கத்திலுள்ள திருகைக் கையால் திருகினால் பாதை நகரும். ஊர்களுக்கு இடையிலான மைல்களும் அதில் இருந்தன.

எந்திர இணைப்பு எதுவும் இதில் இல்லை. அதுவே இதன் வலிமையும்கூட. ஓட்டுநரே சுருளைத் திருகுவதால், வழியில் நின்றாலும் விலகினாலும் கருவி குழம்பாது. ஆனால் ஒரு கையால் மறு மணிக்கட்டிலுள்ள திருகைத் திருக வேண்டும் என்றால், அந்த நொடியில் ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது? மகிழுந்து வைத்திருந்தவர்களே குறைவாக இருந்த காலம் அது. கருவி பரவலாகவில்லை. இன்று அது அரும்பொருள் சேகரிப்புகளில் மட்டுமே காணக் கிடைக்கிறது.

1930களின் தொடக்கத்தில் இத்தாலியில் 'இட்டர் ஆட்டோ' என்ற கருவி வந்தது. இட்டர் என்பது பயணத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். இது ஓட்டுநருக்கு எதிரே முகப்புப் பலகையில் பொருத்தப்பட்டது. சன்னலுக்குள் வரைபடச் சுருள் ஓடியது. வேகமானியின் வடத்தோடு சுருள் இணைக்கப்பட்டிருந்தது. வண்டி வேகமாகப் போனால் படமும் வேகமாக ஓடும், வண்டி நின்றால் படமும் நிற்கும். ஜோன்ஸ் தட்டின் தானியக்கமும், மணிக்கட்டுக் கருவியின் சுருளும் இதில் ஒன்றுசேர்ந்தன. ஆனால் பழைய குறை தீரவில்லை. சுருளில் இல்லாத சாலையில் திரும்பிவிட்டால், வேறு சுருளை எடுத்து, சரியான இடம் வரை ஓட்டிப் பொருத்த வேண்டியிருந்தது.

மடித்த தாள் வென்றது ஏன்?

தாங்கிகளைத் தோற்கடித்தது அவற்றைவிடச் சிறந்த இன்னொரு தாங்கி அன்று. சாலைகளே மாறிவிட்டன. 1910களில் அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள் தம் எரிபொருள் நிலையங்களில் சாலை வரைபடங்களை இலவசமாகத் தரத் தொடங்கின. 1926இல் அந்நாட்டில் நெடுஞ்சாலைகளுக்கு நாடு தழுவிய எண் முறை வந்தது. சாலையோரப் பலகையில் உள்ள எண்ணும் வரைபடத்தில் உள்ள எண்ணும் ஒன்றாகிவிட்ட பிறகு, திருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் கருவி தேவைப்படவில்லை. 'இந்த எண்ணைப் பின்தொடர்' என்பதே போதுமான வழிகாட்டலாயிற்று. வழி சொல்லும் வேலை கருவியிலிருந்து சாலைக்கே இடம் மாறியது.

பிரான்சில் மிஷ்லின் டயர் நிறுவனம் 1910 முதல் 1:2,00,000 அளவில், கைவிசிறியைப் போல மடியும் வரைபடங்களை வெளியிட்டது. முழுத் தாளையும் விரிக்காமல், தேவையான மடிப்பை மட்டும் திறந்து பார்க்க முடிந்தது. கருவியே இல்லாமல், மடிப்பின் திறத்தால் மட்டும் வரைபடம் சிறிதாக்கப்பட்டது. விலை குறைவு, பழுதாகும் உறுப்பு எதுவும் கிடையாது. போகும் பாதையோடு அதன் இருபுறமும் உள்ள நிலமும் தெரிந்தது. பாதை அடைபட்டிருந்தால் வேறு பாதையைத் தேடவும் அதுவே உதவியது.

சுருளின் எண்ணம் அப்போதும் முழுதாக மறையவில்லை. அமெரிக்க மகிழுந்துச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு 'டிரிப்டிக்' என்ற சிறு ஏடுகளைத் தயாரித்துத் தந்தது. உறுப்பினர் போகவிருக்கும் பாதைக்கு ஏற்ற பட்டை வரைபடங்களைத் தேர்ந்து, வரிசையாகக் கோத்து, வழியை மையால் குறித்துக் கொடுப்பது வழக்கம். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் போதும்.

பந்தயத்தில் ஒரு சுருள் பெட்டி

அன்றாடப் பயணத்தில் தோற்ற சுருள் பெட்டி, பந்தயச் சாலையில் பெரும் வெற்றி கண்டது. இத்தாலியில் நடந்த 'மில்லே மில்யா' என்பது ஏறத்தாழ 1,000 மைல் தூரப் பந்தயம். பிரெஸ்சியா நகரில் தொடங்கி, உரோமாபுரி சென்று மீண்டும் பிரெஸ்சியாவில் முடியும். பொதுச் சாலைகளிலேயே வண்டிகள் ஓடின. அத்தனை வளைவுகளையும் நினைவில் வைத்திருப்பது உள்ளூர் ஓட்டுநர்களுக்கே கடினம். வெளிநாட்டவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1955ஆம் ஆண்டு மே 1 அன்று, பிரித்தானியரான ஸ்டிர்லிங் மாஸ் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். வண்டியை ஓட்டினார். அவர் பக்கத்தில் அமர்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர். இருவரும் முன்கூட்டியே பாதை முழுவதையும் ஓட்டிப் பார்த்து, ஆபத்தான வளைவுகள், மேடுகள், முழு வேகத்தில் செல்லத்தக்க இடங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டனர். அக்குறிப்புகள் 5 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரே காகிதச் சுருளில் எழுதப்பட்டன. சுருளை இரண்டு உருளைகளில் மாட்டி, உலோகப் பெட்டிக்குள் வைத்து, ஒளி புகும் பிளாஸ்டிக் சன்னல் ஒன்று பொருத்தினார்கள். ஜென்கின்சன் ஒரு திருகைத் திருகத் திருகக் குறிப்புகள் ஒவ்வொன்றாகச் சன்னலில் தோன்றின.

திறந்த வண்டி, மணிக்கு 250 கிலோமீட்டரையும் தாண்டிய வேகம். விரித்த தாள் ஒரு நொடிகூடத் தாங்காது, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டவும் முடியாது. பெட்டிக்குள் இருந்த சுருளைக் காற்றும் மழையும் தொட முடியவில்லை. இயந்திர இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால், ஜென்கின்சன் குறிப்பைப் படித்துக் கைச்சைகை காட்டினார். கண்ணுக்குத் தெரியாத மேட்டுக்கு அப்பால் சாலை நேராக இருக்கிறது என்று அவர் சைகை செய்தால், மாஸ் வேகத்தைக் குறைக்காமல் தாண்டினார். ஒரு தவறான குறிப்பு இருவரின் உயிரையும் பறித்திருக்கும். 10 மணி 7 நிமிடம் 48 நொடியில், மணிக்குச் சராசரியாக 157 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அவர்கள் முதலிடம் பெற்றனர். அரைமணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி இரண்டாமிடம் வந்த குவான் மனுவேல் ஃபாங்கியோ தனியாக ஓட்டினார். அவருடைய இயந்திரத்தில் கோளாறும் இருந்தது. 1957இல் நேர்ந்த பெரும் விபத்துக்குப் பிறகு அந்தப் பந்தயம் பழைய வடிவில் நிறுத்தப்பட்டது. மாஸ், ஜென்கின்சன் இருவரின் நேரத்தை யாரும் முறியடிக்கவில்லை.

சுருள் இங்கே வென்றதற்குக் காரணம் தெளிவு. பந்தயத்தில் பாதை ஒன்றே. விலகிப் போகும் உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. அன்றாடப் பயணத்தில் குறையாக இருந்ததே இங்கே பொருத்தமாயிற்று. சுருளைப் பார்க்கவென்றே தனி ஆள் இருந்தார் என்பதும் முக்கியம். டக்கார் போன்ற பாலைவன ரேலிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் இத்தகைய சுருள் பெட்டியைக் கைப்பிடியில் பொருத்திப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினர். விரலருகே உள்ள ஒரு பொத்தான் சிறு மின்மோட்டாரை இயக்கிச் சுருளை நகர்த்தியது. அண்மை ஆண்டுகளில்தான் அந்த இடத்தை மின்திரை பிடித்தது.

திரைமேல் வைத்த வரைபடம்

காகிதத்துக்கும் கணினிக்கும் நடுவே நின்ற கருவி, ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'எலெக்ட்ரோ கைரோகேட்டர்'. அதற்கு முன் வந்த கருவிகள் தூரத்தை மட்டுமே அறிந்தன. இது திரும்பும் திசையையும் அறிந்தது. கருவிக்குள் ஹீலியம் வாயு மெல்லிய தாரையாகச் சூடான இரு கம்பிகளின் மேல் பாயும். வண்டி திரும்பும்போது தாரை ஒரு பக்கம் விலகும், ஒரு கம்பி மற்றதைவிட அதிகம் குளிரும். அந்த வேறுபாட்டிலிருந்து திருப்பத்தின் அளவு கணக்கிடப்பட்டது. தூரமும் திசையும் தெரிந்ததால், வண்டி சென்ற தடம் 6 அங்குலத் திரையில் ஒளிக்கோடாக வரையப்பட்டது.

ஆனால் திரையில் வரைபடம் கிடையாது. ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட வரைபடத்தைத் திரையின் முன்னால் செருக வேண்டும். தொடக்கத்தில் வண்டி நிற்கும் இடத்தை ஓட்டுநரே தாளில் பொருத்துவார். பிறகு ஒளிப்புள்ளி தாளிலுள்ள சாலையின் மேல் ஊர்ந்து செல்லும். தாளின் எல்லை வந்ததும் அடுத்த தாளை மாற்ற வேண்டும். 1909ஆம் ஆண்டின் ஜோன்ஸ் தட்டை மாற்றியது போலவேதான்.

1985இல் கலிபோர்னியாவில் வெளிவந்த 'ஈட்டாக்' என்ற கருவி தாளையும் நீக்கியது. வரைபடம் எண்முறைத் தரவாக ஒலிநாடாப் பேழையில் பதியப்பட்டது. பசிபிக் தீவுகளின் மாலுமிகளுடைய வழிகாணும் முறையின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அம்முறையில் படகு அசையாமல் நிற்பதாகவும், தீவுகள் அதைக் கடந்து நகர்வதாகவும் மாலுமி எண்ணிக்கொள்வார். திரையிலும் வண்டியின் குறி ஓரிடத்தில் நிற்க, ஊர் நகர்ந்தது. ஜோன்ஸின் அசையாத முள்ளும் ஓகில்பியின் திரும்பும் திசைகாட்டியும் இதில் ஒன்றுகூடியதைக் காணலாம்.

செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்த பிறகு, 'நான் எங்கே இருக்கிறேன்' என்ற கேள்விக்கு நேரடியான விடை கிடைத்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அதன் பின் மலிவான கருவியும் வண்டி எந்தச் சாலையில் இருக்கிறது என்று சொல்லக்கூடியதாயிற்று. காகிதத் தாங்கிகளின் பெருங்குறை அத்துடன் நீங்கியது.

பெற்றதும் இழந்ததும்

இவ்வரலாறு முழுவதிலும் ஒரே பேரம் திரும்பத் திரும்ப நடந்துள்ளது. வரைபடத்தைச் சிறிதாக்க வேண்டுமானால் எதையாவது விட்டுவிட வேண்டும். தட்டும் சுருளும் விட்டது, பாதைக்கு வெளியே உள்ள நிலத்தை. மடித்த தாள் நிலத்தை விடவில்லை. ஆனால் வழியைத் தானே கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பயணியிடம் வைத்தது. கைபேசித் திரை இரண்டையும் தருவது போலத் தோன்றினாலும், ஓடும் வண்டியில் அது காட்டுவது பெரும்பாலும் அடுத்த திருப்பத்தைத்தான். அந்த அளவில் அது ஜோன்ஸ் தட்டின் வாரிசு.

இதன் விளைவை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் டோரு இஷிகாவாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நடந்து செல்வோர் சிலரிடம் செயற்கைக்கோள் வழிகாட்டியும், சிலரிடம் காகித வரைபடமும் கொடுக்கப்பட்டன. வேறு சிலர் வழியை ஒருமுறை நேரில் நடந்து அறிந்தனர். வழிகாட்டியைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட அதிகத் தூரம் நடந்தனர், அதிக முறை நின்றனர். சென்ற வழியைப் பிறகு வரைந்து காட்டச் சொன்னபோது, வழியை நேரில் நடந்து அறிந்தவர்களின் படங்களைவிட அவர்களின் படங்கள் தரம் குறைந்திருந்தன.

ஓட்டுநரின் கண் பற்றிய கேள்வியும் இன்றுவரை தீரவில்லை. மணிக்கட்டுக் கருவியைத் திருகிய கையும், இன்று திரையைத் தொடும் விரலும் ஒரே ஆபத்தைச் சுமக்கின்றன. 1910இலேயே மணியோசையால் அந்த ஆபத்தைத் தவிர்க்க முயன்ற சாட்விக் கருவியும், பார்க்கும் வேலையைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிய ஜென்கின்சனின் பெட்டியும் அதற்கு இரண்டு நல்ல விடைகளைத் தந்துள்ளன: வழியைக் காதால் கேட்பது, அல்லது பார்க்கும் வேலையை உடன் வருபவரிடம் விடுவது. கருவி எதுவாயினும் இந்த இரண்டும் இன்றைக்கும் பொருந்தும். புறப்படும் முன் முழு வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்வது, சுருளும் திரையும் விட்டுவிடும் நிலத்தை மனத்தில் பதிய வைக்கும் எளிய வழியாகும்.